பிகேஎக்செக் ஓட்டை: வரம்பில்லாத இரண்டு வயல்கள்

கிளிநொச்சியில் நடந்த லினக்ஸ் வகுப்பு முடிந்த பிறகு இந்தப் பாதுகாப்பு ஓட்டை பற்றிப் பலர் வந்து கேட்டவை இவை. அன்று அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

மல்லாவி, ஆசிரியை: எங்கள் கணினிக்கூடத்தில் இருப்பது உபுண்டு 18.04. இணையம் இல்லை, நிறுவிய நாளிலிருந்து புதுப்பிக்கவும் இல்லை. சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் மாணவர் ரூட், அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகி, ஆகலாம் என்றீர்களே, உண்மையாகவா?

உண்மைதான் ரீச்சர். பிகேஎக்செக் என்பது, யாருக்கு எந்த உரிமை என்று தீர்மானிக்கும் போல்கிட்டோடு வரும் சிறிய நிரல். யார் இயக்கினாலும் ரூட் உரிமையோடுதான் தொடங்கும். 2009 மே மாதம் அது எழுதப்பட்டபோதே பிழையும் உள்ளே இருந்தது. குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதை வெளியே சொன்னது 2022 ஜனவரி 25 அன்று. பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! இணையம் உள்ள இடத்தில் திருத்திய போல்கிட் பொதியை இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவுங்கள். அதுவரை, பிகேஎக்செக்கை ரூட்டாகத் தொடங்க வைக்கும் செட்யுஐடி உரிமையை அதன் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். சில நிர்வாகக் கருவிகள் திறக்காது, ஆனால் பாடம் தடைப்படாது.

அறிவியல் நகர், பொறியியல் மாணவர்: அண்ணா, நினைவகத்தில் சரியாக எங்கே தவறுகிறது?

தம்பி, நிரலுக்குக் கொடுக்கும் சொற்களின் பட்டியலையும் சூழல் மாறிகளின் (நிரல் இயங்கும் சூழலைச் சொல்லும் பெயர்-மதிப்புகளின்) பட்டியலையும் லினக்ஸ் அடுத்தடுத்து வைக்கிறது. முதல் பட்டியல் முடிந்தது என்பதற்கு நடுவில் ஒரு வெற்று முகவரி மட்டும் நிற்கும். வரம்பு கட்டாமல் தடி ஒன்றை நட்டுப் பிரித்த இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது இடத்தில் எப்போதும் நிரலின் பெயர் இருக்கும் என்று நம்பி, பிகேஎக்செக் இரண்டாவது இடத்திலிருந்து வாசிக்கிறது. ஒரு சொல்லும் கொடுக்காமல் அதைத் தொடக்கினால்? முதலாவது இடத்திலேயே தடி. இரண்டாவது என்று கால் வைப்பது அடுத்த வயலில், அதாவது முதல் சூழல் மாறியில்.

வாசிப்பதோடு நின்றிருந்தால் இவ்வளவு கேடு வந்திராது. அங்கே கண்ட பெயரில் ஒரு நிரலைத் தேடி, கிடைத்த முழுப் பாதையை அதே இடத்தில் எழுதியும் விடுகிறது. இப்படி ரூட் உரிமையோடு தொடங்கும் நிரல்களுக்கு ஆபத்தான சூழல் மாறிகளை, நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர் முன்கூட்டியே நீக்கிவிடும். நீக்கிய ஒன்றைத் திரும்ப உள்ளே கொண்டுவருவது இந்த எழுத்துத்தான்.

முழங்காவில், மாணவர்: இதில் பிளகின் எங்கே வருகிறது?

எனக்கு மிகவும் உறைத்த இடம் இது. பிகேஎக்செக் ஒரு பிழைச் செய்தியைக் காட்டப் பார்க்கிறது. எழுத்துமுறை யுடிஎஃப்-8 இல்லை என்று அமைத்திருந்தால் செய்தியை மாற்ற வேண்டும். அந்த வேலை, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜீலிப்சியில் உள்ள ஐகொன்வ் என்ற எழுத்து மாற்றி உடையது. அதற்கு எழுத்துமுறைகள் பிளகின்களாக, அதாவது தேவைப்படும்போது ஏறும் துணைத் துண்டுகளாக, ஏறுகின்றன. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துமுறையான திஸ்கியில் உள்ள நம் பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது ஏறுவதும் அப்படி ஒரு பிளகின்தான். அவற்றை எந்த அடைவில் தேடுவது என்று ஜீகொன்வ்-பாத் என்ற சூழல் மாறி சொல்லும். திரும்ப உள்ளே வந்தது அதுவேதான். தாக்குபவரின் அடைவிலிருந்து தாக்குபவரின் பிளகின், ரூட் உரிமையோடு ஏறிவிடுகிறது.

புதுக்குடியிருப்பு, அச்சகம்: அப்படியென்றால் திஸ்கி கோப்புகளை மாற்றுவதை நிறுத்தவா?

வேண்டாம், இந்தப் பிழை ஐகொன்வில் இல்லை. ஆனால் 2024 இல் அதன் சீன எழுத்து மாற்றி ஒன்றில் எல்லை தாண்டி எழுதும் வேறொரு பிழை வெளிவந்தது. ஜீலிப்சியையும் புதுப்பித்துவிடுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தவற்றுக்கு ஐகொன்வ் உதவாது, தனி மாற்றி வேண்டும்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவி: பிகேஎக்செக்கை ரஸ்ட் மொழியில் எழுதியிருந்தால்?

பட்டியலின் எல்லையை ரஸ்ட் சரிபார்க்கும், அதனால் பட்டியலில் இல்லாத இடத்தைத் தொட்டதும் நிரல் அங்கேயே நின்றிருக்கும், தங்கச்சி. ஆனால் ஒரு சொல்லும் இல்லாமல் நிரலைத் தொடக்க விட்டதே தவறு என்பேன். ஓப்பன்பிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம் அதை முன்பிருந்தே மறுத்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், 5.18 பதிப்பிலிருந்து முதலாவது இடத்தில் ஒரு வெற்றுச் சொல்லை வைத்துவிடுகிறது.

ஒட்டுசுட்டான், மாணவர்: சி மொழியில் பிளகின் ஏற்றும் நிரல் ஒன்று எழுதுகிறேன். அட்ரஸ் சானிடைசர் போதுமா?

நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அந்தக் கருவியைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் போதாது. உங்கள் நிரல் ஒதுக்கும் நினைவகத்தைச் சுற்றித்தான் அது காவல் வைக்கும். பிகேஎக்செக் தடுமாறிய பட்டியல்களை அடுக்குவது கெர்னல், அங்கே காவல் இல்லை. எனவே வந்த சொற்களின் எண்ணிக்கையை நீங்களே சரிபாருங்கள். நினைவகத்திலிருந்து பிளகினை இறக்கும்போதும் கவனம் வேண்டும். அதன் செயற்கூறு ஒன்றின் முகவரி எங்காவது பதிந்து கிடந்தால், அடுத்த அழைப்பு இல்லாத இடத்துக்குப் போகும். நான் ஏற்றிய பிளகினை இறக்குவதே இல்லை, நிரல் முடியும்போது அதுவும் போகட்டும். சோதிக்கும்போதும் அதுவே வசதி: இறக்கிவிட்டால் சானிடைசர் அறிக்கையில் வரி எண்ணுக்குப் பதிலாகத் ‘தெரியாத பகுதி’ என்றே வரும்.