அண்ணன் என்ன சொன்னார்?

வணக்கம் ஐயா,

உங்கள் அக்காவின் நோய்க்காலம் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். என் அண்ணனுக்கு வயது 58. மூன்று வாரம் முன்பு கணையப் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருக்கிறது. பக்கத்து ரத்தக்குழாயை ஒட்டியிருப்பதால் முதலில் கீமோ, ஆபரேஷன் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறார் மருத்துவர். சித்தப்பாவோ உடனே வெட்டி எடுக்கிற டாக்டராகப் பார்க்கச் சொல்கிறார். வேறு இடத்தில் காட்ட அண்ணிக்குப் பயம், இந்த டாக்டர் கோபித்துக்கொள்வாராம். ஸ்டீவ் ஜாப்ஸ் எட்டு வருடம் இருந்தாரே என்கிறார் என் கணவர். அண்ணன் மகன் இணையத்தில் எதையோ படித்துவிட்டு அழுகிறான். அண்ணன், 'நீங்களே பார்த்துச் செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உங்கள் வீட்டில் எப்படி முடிவெடுத்தீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் சித்தப்பா பேசுகிறார், அண்ணி பேசுகிறார், உங்கள் கணவர் பேசுகிறார். நோயாளி பேசியது மட்டும் அரை வரி. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அக்காவைச் சுற்றி உட்கார்ந்து ஐந்து பேர் வாதாடினோம். அவள் எங்களுக்கு முதுகுக்குத் தலையணை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் சித்தப்பாவுக்குப் பதில். நோய் தெரியவரும்போதே ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேர்தான். கணையத்தைத் தொட்டபடி குடலுக்கும் கல்லீரலுக்கும் போகிற பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. கட்டி அவற்றை ஒட்டியிருக்கும்போது அவசரப்பட்டு வெட்டினால் ஓரத்தில் கட்டி கொஞ்சம் தங்கிவிடலாம். தலைப்பகுதிக்குச் செய்கிற விப்பிள் ஆபரேஷன் சின்ன விஷயமில்லை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு இணைத்துத் தைக்க வேண்டும். உடம்பு தேறவே பல வாரம் ஆகும். முதலில் கீமோ கொடுத்தால் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கலாம். இந்த நோய் எவ்வளவு வேகமானது என்பதும் தெரிந்துவிடும். ஆக, உங்கள் மருத்துவர் தட்டிக்கழிக்கவில்லை. நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தால் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: இந்த ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்? அடிக்கடி செய்கிற இடங்களில் உயிராபத்து குறைவு.

ஜாப்ஸுக்கு வந்தது கணையத்தின் ஹார்மோன் செல்களில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. இடம்தான் ஒன்று, நோய் வேறு. உங்கள் அண்ணனுக்கு எது என்று பயாப்ஸி (கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டில் இருக்கும், பாருங்கள். மருமகன் படித்தது அநேகமாக 2011-இல் வந்த ஆய்வாக இருக்கும். நான்கு மருந்து சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோவில் 11.1 மாதம், அதற்கு முன் இருந்த ஜெம்சிடபின் மருந்தில் 6.8 மாதம் உயிரோடிருந்தார்கள் என்று அதில் வரும். அது வேறு உறுப்புகளுக்கும் பரவிய நிலையில் இருந்தவர்களின் கணக்கு. அதிலும் அது நடுப்புள்ளி, பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்தார்கள். அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

அண்ணிக்கு: இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது இந்த நோயில் சாதாரணம். கோபித்துக்கொள்கிற டாக்டர் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதானே? ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் உள்ள சிடியையும் பயாப்ஸி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிப் போங்கள். அறுவை, கீமோ, கதிர்வீச்சு என மூன்று துறை மருத்துவர்களும் கூடி உட்கார்ந்து பேசுகிற இடமாக இருந்தால் உத்தமம். ஆனால் இதற்காக ஒரு மாதம் அலையாதீர்கள்.

இனி யாரும் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று. அக்கா கண்ணெதிரே மெலிந்தாள். கேன்சர் என்றால் அப்படித்தான் என்றார்கள், நாங்களும் நம்பினோம். மூன்று மாதம் கழித்து ஓர் உணவியல் நிபுணர், 'மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா?' என்று கேட்டார். ஆமாம். கொழுப்பைச் செரிக்கிற நொதியே கணையத்திலிருந்து வரவில்லை. அதற்கு மாத்திரை இருக்கிறது. சாப்பிடுகிறபோதே, முதல் வாயோடு விழுங்க வேண்டும், சாப்பிட்டு முடித்தபின் அல்ல. சில வாரங்களில் எடை இறங்குவது நின்றது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்த நோயில் அது ஏறலாம். மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். பிஆர்சிஏ என்ற மரபணுவில் பிறவியிலேயே வரும் மாற்றம் இருந்தால் அண்ணனின் மருந்துத் தேர்வே மாறலாம். உடன்பிறந்தவர் என்பதால் அது உங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

எப்படி முடிவெடுத்தீர்கள் என்றால், ஒரே முடிவாக எடுக்கவில்லை. அக்காவுக்குக் கொடுத்தது மேலே சொன்ன ஃபோல்ஃபிரினாக்ஸ் கீமோதான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு மருந்து மட்டும் சின்னப் பம்ப் வழியாக 46 மணி நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். சுமார் இரண்டு மாதத்தில் ஸ்கேன். அப்போது தொடரலாம், அளவைக் குறைக்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம். அளவைக் குறைத்தால் தோற்றுவிட்டோம் என்று நாங்கள் பயந்தோம். அப்படியில்லை, பலருக்கும் குறைக்கத்தான் செய்கிறார்கள்.

அக்கா தையல்காரி. அந்த நான்கு மருந்தில் ஒன்றான ஆக்ஸாலிபிளாட்டின் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். ஊசி பிடிக்க முடியவில்லை என்பதை அவள் எங்கள் ஐந்து பேரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வலியையும் கஷ்டத்தையும் தணிக்கப் பார்க்கிற பாலியேட்டிவ் பிரிவிலிருந்து வந்த நர்ஸிடம்தான் சொன்னாள். அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டதும், 'அதெல்லாம் கடைசிக் கட்டத்துக்கு' என்று நான்தான் முதலில் தடுத்தவன். அது என் முட்டாள்தனம். முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த, 2010-இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலிருந்தே அந்தக் கவனிப்பும் கிடைத்தவர்கள் கூடுதல் காலம் இருந்தார்கள், கஷ்டமும் குறைவாகப் பட்டார்கள். வலிக்கு அவர்களிடம் நிறைய வழி உண்டு. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் நரம்புக்கூட்டத்தில் ஊசி போட்டு மரக்கச் செய்வதும் அதில் ஒன்று. அந்த நர்ஸ் ஆயுள் எவ்வளவு என்றெல்லாம் பேசவில்லை. 'இந்த வாரம் எது செய்ய முடிந்தால் நன்றாயிருக்கும்?' என்று கேட்டார். அக்கா, 'காஜா எடுக்கணும்' என்றாள். ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்தி மற்ற மூன்றைத் தொடர்ந்தார்கள். மரத்தது முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் தைத்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாகப் போகாதீர்கள். அண்ணனும், நோட்டும் பேனாவுமாக நீங்களும் போதும். உள்ளே அவர் தனியாகப் பேச வேண்டும் என்றால், நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருங்கள்.