டீசல் காரின் ஃப்யூயல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

டீசல் வண்டி என்றால் தாராளமாக மாற்றலாம். என் ஸ்விஃப்ட் டீசலில் இதுவரை மூன்று தடவை நானே மாற்றியிருக்கிறேன்.

கேள்வியில் டீசல் என்று தெளிவாகவே போட்டிருக்கிறீர்கள். ஆனாலும் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: வீட்டில் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் காரில், இன்ஜினை நிறுத்திய பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். கழற்றியதும் பீய்ச்சி அடிக்கும். பெட்ரோல் ஆவி தரையோடு தரையாகப் பரவி, தள்ளி இருக்கிற அடுப்பில்கூடப் பற்றிக்கொள்ளும். இப்போது வரும் பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்ப்போடு சேர்ந்து இருக்கிறது.

சரி, டீசலுக்கு வருகிறேன். எங்களுக்கு ஊர் நாமக்கல். காரவள்ளியில் இருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒருமுறை நாலைந்து வளைவு ஏறியதுமே வண்டி இழுக்கவில்லை. இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் திணறியது, காலைத் தளர்த்தினால் ஒழுங்காக ஓடியது. கீழே இறங்கி சமதரைக்கு வந்ததும் எந்தக் குறையும் தெரியவில்லை. ஃபில்டர் அடைப்பின் குணமே இதுதான். இன்ஜின் கொஞ்சமாக டீசல் கேட்கும்போது கொடுத்துவிடும், நிறையக் கேட்கும்போது கைவிரித்துவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நேரம் எடுப்பதும் இதன் அறிகுறியாக இருக்கலாம்.

முப்பது வருடம் லாரி ஓட்டிய என் மாமாவிடம் சொன்னேன். "மாப்ள, ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி அடியில இருக்கற தண்ணிய எறக்கிப் பாரு" என்றார். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் ஃபில்டரின் அடியில் போய்த் தேங்கும். அங்கே ஒரு வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, கண்ணாடி பாட்டில் ஒன்றில் கொஞ்சம் பிடித்து ஓரமாக வைத்தேன். முதலில் எல்லாம் கலங்கலாக ஒன்றாகத்தான் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே தெளிந்த டீசல், அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு பிரிவு. பாட்டிலைச் சாய்த்தால் அடித்தண்ணீர் தனியாக நகர்ந்தது. டேங்கை எப்போதும் கால்வாசியிலேயே வைத்து ஓட்டும் பழக்கம் எனக்கு. காலியான இடத்தில் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து, தண்ணீராகி டீசலில் இறங்கும். அந்தப் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

மாற்றும் வேலையே அரை மணி நேரம்தான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், ஆல்டர்னேட்டர் மேல் டீசல் சொட்டாமல் பழைய துணியை விரித்து வையுங்கள், டீசல் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். குழாய்களின் பிளாஸ்டிக் கிளிப்புகள் வயதானால் மொறுமொறுவென்று உடையும், ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள். பழைய ஃபில்டரின் அடியில் தண்ணீர் சென்சார் இருந்தால் அதைக் கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, அதில் ஒரு சொட்டு டீசல் தடவிவிடுங்கள்.

இனி சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். புது ஃபில்டர் உள்ளே காலியாக இருக்கிறதே என்று கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பப் பலருக்குக் கை துறுதுறுக்கும். இன்ஜினுக்குப் போகிற வாயில் ஊற்றினால் அந்த டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனை கெட்டுவிடும். ஃபில்டர் வாய்களில் இருக்கும் மூடியைக் குழாய் மாட்டும் நொடி வரை கழற்றாதீர்கள். கழற்றிய குழாய் முனைகளையும் சுத்தமான பாலிதீனால் சுற்றி வையுங்கள்.

அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது கழற்றும்போது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது. சில வண்டிகளில் கையால் அமுக்கும் பிரைமிங் பம்ப் இருக்கும். அது கெட்டியாகும் வரை பொறுமையாக அமுக்க வேண்டும். டேங்கில் மின்சார பம்ப் உள்ள வண்டியென்றால், பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, சாவியை ஆன் நிலையில் சில நொடி வைத்து அணைத்து, இதையே நாலைந்து முறை செய்ய வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் இருக்கும். இதைச் செய்யாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். காமன் ரெயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற வண்டியில், உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு எண்ணெயும்கூட. காற்றோடு வறட்சியாகச் சுற்றினால் பம்ப் தேயும், தேய்ந்த இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். சில நூறு ரூபாய் ஃபில்டர் வேலை பெரிய செலவில் போய் நிற்பது இப்படித்தான்.

இன்னொன்று. மாமா காலத்து லாரியில் ஏர் எடுக்க இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பார்கள். அந்த இன்ஜினுக்கு அது சரி. நம் காமன் ரெயில் காரில் அந்தக் குழாய்களைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல சுமார் ஆயிரம் மடங்கு) மேல் போகும், மெல்லிய பீய்ச்சலே தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, இணைப்பு ஒவ்வொன்றையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

நான் பழைய ஃபில்டரை ஹேக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் காகித மடிப்புகள், தார் பூசிய மாதிரி கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இப்போதெல்லாம் புது ஃபில்டரின் மேலேயே மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதிவிடுகிறேன், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வடிகால் திருகைத் தளர்த்திப் பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறேன். பழைய டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஆயில் கழிவோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.