காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும்போதும் முப்பந்தலில் சில காற்றாலைகள் நிற்பது ஏன்?

ஆடி மாதம் நாகர்கோவில் சாலையில் பைக்கையே தள்ளுகிற காற்று. ஆனாலும் வரிசையில் நாலு சுற்ற, ரெண்டு சும்மா நிற்கிறதே, பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதும் இருக்கலாம். ஆனால் பல நேரம் காரணம் காற்றாலையில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் 1990களில் நட்ட 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பெரும்பாலும் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் வகை. நிமிடத்துக்கு நாற்பது சுற்று போலச் சுற்றும் இறக்கையின் வேகத்தை, ஜெனரேட்டர் நான்கு துருவ வகை என்றால், கியர்பாக்ஸ் 1500க்குச் சற்று மேலே ஏற்றிக் கொடுக்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் அதற்கு 1500தான் கணக்கு. அதைத் தாண்டித் தள்ளினால்தான் மின்சாரம் வெளியே போகும். இதில் ஒரு சங்கதி: உள்ளே காந்தப்புலம் உண்டாக்கும் மின்னோட்டத்தையே அது மின்வாரியக் கம்பியிலிருந்துதான் எடுக்கிறது. கம்பியில் மின்சாரம் போனால், எவ்வளவு காற்று அடித்தாலும் உற்பத்தி கிடையாது. சுமை போனதும் இறக்கை தறிகெட்டு ஓடும் என்பதால் இறக்கை நுனியில் உள்ள பிரேக் குறுக்கே திரும்பி, டிஸ்க் பிரேக் கவ்வி நிறுத்திவிடும். மின்சாரம் திரும்பினாலும் உடனே சுற்றாது. வோல்டேஜ் சில நிமிடம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பும்.

அடுத்தது பேக்டவுன், அதாவது உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உத்தரவு. மழை பெய்து ஊரில் தேவை விழுந்த நாளில் காற்று உச்சத்தில் இருந்தால், மின் தேவையையும் உற்பத்தியையும் சமன்செய்யும் மின்சுமை மையம் அப்படிச் சொல்லும். புதிய 2 மெகாவாட் காற்றாலை இறக்கைக் கோணத்தைத் திருப்பி உற்பத்தியைப் பாதியாகக்கூடக் குறைத்துக்கொள்ளும். இறக்கைக் கோணம் மாறாத பழைய ஸ்டால் வகைக்கு அந்த வசதி இல்லை. ஓடும், இல்லையென்றால் நிற்கும்.

காற்று மிஞ்சினால் நிறுத்துவார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த எல்லை பொதுவாக விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். அது அபூர்வம். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏறும்: 6 மீட்டர் 12 ஆனால் எட்டு மடங்கு. அதனால் முழுச் சுமையில் நாள் முழுக்க ஓடும் சீசனில்தான் கியர் ஆயில் சூடேறி டிரிப் ஆகும், அதாவது தானாகவே நின்றுவிடும். ஆயில் கூலரில் தூசி அடைத்திருந்தால் நிச்சயம் ஆகும். சீசனுக்கு முன்பே, ஏப்ரலிலேயே அதைக் கழுவிவைக்க வேண்டும். தலைப்பகுதி காற்றைத் தேடித் திரும்பித் திரும்பி உள்ளே கேபிள் முறுக்கிக்கொண்டாலும் நின்று அவிழ்த்துக்கொள்ளும். சீசனில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்குக் காற்று ஒரே திசையில் வருவதால் இங்கே அது குறைவு.

சாலையிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு வரிசை முழுக்க நின்றால் பீடரில், அதாவது அந்த வரிசையை இணைக்கும் மின்பாதையில், மின்சாரம் இல்லை, அல்லது பேக்டவுன். ஒன்று மட்டும் நின்றால் பெரும்பாலும் அதன் சொந்தக் கோளாறு. கீழே ஜீப் நின்றால் மேலே ஆள் வேலை செய்கிறார். இறக்கையின் நுனி மட்டும் குறுக்கே திரும்பியிருந்தால் அது பழைய வகை, பிரேக்கில் நிற்கிறது. பெரிய காற்றாலை இறக்கையின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு மெல்ல அசைந்துகொண்டிருந்தால், அது கிளம்பச் சொல்வதற்காகக் காத்திருக்கிறது.