பதாகை மறைத்த பலகைக்கு அபராதம்: மறுக்க வழி

கும்பகோணம் மகாமகக் குளத்தருகே காரை நிறுத்தியதற்கு உங்களுக்கு வந்த இ-சலான் (மின்னணு அபராதச் சீட்டு) தொகையை இப்போதே கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஏற்று இணங்கித் தீர்த்ததாகிவிடும், பிறகு மறுப்புக்கு இடமிருக்காது. அங்கே நிறுத்தியபோது ‘நோ பார்க்கிங்’ பலகை கண்ணில் படவேயில்லை என்கிறீர்கள். அதுவே உங்கள் வாதத்துக்கு அடிப்படை. தடையைப் பொதுமக்கள் அறியும்படி குறியீடு வைப்பதைப் பற்றித்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு பேசுகிறது.

பெரும்பாலும் பலகை அங்கே இருந்திருக்கும். முகூர்த்த நாளுக்குக் கட்டிய திருமணப் பதாகை அதை மறைத்திருக்கலாம். ஆகவே பதாகையை அவிழ்ப்பதற்குள் அங்கே சென்று, நீங்கள் வந்த திசையிலிருந்தே, ஓட்டுநரின் கண் உயரத்தில் படமெடுங்கள். கம்பத்தை மட்டும் நெருங்கி எடுத்த படம், பலகை இருப்பதையே காட்டி உங்களுக்கே எதிராகப் போகும். சலானில் உள்ள படத்தில் பலகை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இவற்றை இணைத்துப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். அவ்விடத்தில் தடை விதித்த ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு தள்ளப்பட்டால் நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

ஆனால் கார் நின்றது தெருமுனையிலோ, நடைபாதையிலோ, பிறர் வாசலை அடைத்தோ என்றால், பலகையே இல்லாவிட்டாலும் அது விதிமீறல்தான். அப்போது கட்டிவிடுவதே முறை.