தடித்த எழுத்துருவை மென்பொருளிலேயே சாய்த்துப் பெயர்ச்சின்னம் செய்தால் போதாதா?

விளையாட்டு உடைகள் விற்கும் உங்கள் கடையின் ஆங்கிலப் பெயருக்குத் தடித்த சான்ஸ் செரிஃப் (கோட்டு முனைகளில் சிறு நீட்சிகள் இல்லாத) எழுத்துரு ஒன்றை வாங்கிவிட்டதாகவும், அதன் சாய்வு வடிவத்துக்குத் தனியாகப் பணம் கட்டாமல் மென்பொருளிலேயே 12 டிகிரி சாய்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பதே என் பதில்; திருப்பூரில் பனியன் அச்சுக்கு வடிவமைப்பு செய்துவரும் நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆங்கில ‘ஓ’ எழுத்தை வலப்பக்கம் சாய்த்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது மேல்முனையிலும் இடது கீழ்முனையிலும் கோடு தடித்து, மற்ற இரு முனைகளிலும் மெலிந்திருக்கும். பெரிய ‘ஏ’ எழுத்தில் இடக்கால் மெலிந்து நீள, வலக்கால் நிமிர்ந்து பருத்துவிடும். மெல்லிய எழுத்தில் இது கண்ணுக்குத் தப்பலாம். தடித்த எழுத்தில், உள்ளிருக்கும் வெற்றிடம் ஏற்கெனவே குறுகலாக இருப்பதால், தப்பவே தப்பாது.

ஜெர்மானியரான பால் ரென்னர் வரைந்து, பிராங்க்ஃபர்ட்டின் பாவர் வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட ஃபியூச்சராதான் சான்ஸ் செரிஃப் வகையில் பலரும் அறிந்த எழுத்துருக் குடும்பம். பத்திரிகை வடிவமைப்பிலிருந்து கலைக்கு வந்த பார்பரா குரூகர், அதன் தடித்த சாய்வைச் சிவப்புப் பட்டையில் வெள்ளையாக வைத்தே தம் படைப்புகளுக்கு ஓர் அடையாளத்தை உண்டாக்கினார். 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற ஆடை நிறுவனத்தின் சிவப்புப் பெட்டிச் சின்னத்திலும் அதே சாயலைக் காணலாம். கில் சான்ஸ் என்ற இன்னொரு எழுத்துருவின் சாய்வில் சில எழுத்துகள் கையெழுத்துச் சாயலுக்கு மாறுவதைப் போல ஃபியூச்சராவில் மாறுவதில்லை என்பதால்தான், நாமே சாய்த்துக்கொள்ளலாம் என்ற மயக்கம் வருகிறது. 1957இல் வெளிவந்த யூனிவர்ஸ் குடும்பத்தில் அதை வடிவமைத்த அட்ரியன் ஃப்ருட்டிகர், சாய்வையும் தனி வடிவமாகவே கருதி, தடித்ததற்கு 65 என்றும் அதன் சாய்வுக்கு 66 என்றும் தனித்தனி எண் கொடுத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் டி-சர்ட்டுக்கு நானும் இப்படித்தான் சாய்த்துக் கொடுத்தேன். மார்பில் பெரிதாக அச்சானது நன்றாகவே இருந்தது. ஆனால் கைப்பகுதியில் 2 அங்குல அகலத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தபோது, மை சற்றே பரவியதும் சிறிய ‘ஏ’, ‘ஈ’ ஆகியவற்றின் துளைகள் அடைபட்டு, பெயருக்குள் இரண்டு கரும்பொட்டுகள் வைத்தது போலாகிவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சின்னத்தையும் 1 அங்குல அகலத்தில் அச்சிட்டுப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

அருகில் தமிழ்ப் பெயரும் வரவேண்டுமானால் அதைச் சாய்க்காதீர்கள். நிமிர்ந்த கோட்டையே முதுகெலும்பாகக் கொண்ட ‘ட’, ‘ப’ போன்றவை சாய்ந்தால் விரைவது போல் தோன்றாமல் விழுவது போல்தான் தோன்றும். நிமிர்ந்த தடித்த தமிழெழுத்தை வைத்து, கோட்டின் பருமனை மட்டும் ஆங்கிலத்தோடு ஒத்துப்போகச் செய்தால் போதும்.

சாய்வு வடிவத்தை வாங்கவே இயலாதென்றால் ஒரு வழி உண்டு. உங்கள் பெயரில் ஆறேழு எழுத்துகளே இருக்குமானால், உரிமம் இடங்கொடுக்கும் பட்சத்தில், சாய்த்தபின் அவற்றைக் கோட்டுருவாக (விளிம்புகளைத் திருத்தக்கூடிய வரைபடமாக) மாற்றி, பருத்த இடங்களைக் கையால் குறைத்தும் மெலிந்த இடங்களைக் கூட்டியும் சரிசெய்யலாம். ‘எஸ்’ எழுத்து இருந்தால் அதற்கு மட்டும் அரைநாள் ஒதுக்கிவையுங்கள்.