மண் வினா–விடை: யாழ்ப்பாணத்து மண்ணுக்குப் பெயர் வைப்பது எப்படி?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மண் விபரிப்பு, வகைப்படுத்தல் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை கிடைக்கிறது என்கிறார்கள். ஆனால் அரை வருடத்துக்கு மேல் நிலம் காய்ந்து கிடக்கிறது. அமெரிக்க மண் வகைப்பாட்டின்படி எங்கள் செம்மண்ணின் ஈரநிலையை ‘அஸ்டிக்’ என்று எழுதுவதா, ‘அரிடிக்’ என்று எழுதுவதா? (பல்கலைக்கழக மாணவி, கோப்பாய்)

பதில்: அஸ்டிக்தான். அஸ்டிக் என்றால் ஈரம் மட்டாக இருந்தாலும் பயிர் வளரும் பருவத்தில் கிடைக்கும் நிலை, அரிடிக் என்றால் வறண்ட நிலத்து நிலை. ஆனால் அந்த முடிவை ஆண்டு மழையின் மொத்தத்திலிருந்து எடுக்கக்கூடாது. மண்ணின் ஒரு குறிப்பிட்ட பகுதி எத்தனை நாள் ஈரமாக இருந்தது என்பதுதான் கணக்கு. காய்ந்த மண்ணில் 25 மி.மீ. தண்ணீர் 24 மணி நேரத்தில் எட்டும் ஆழம் அந்தப் பகுதியின் மேல் எல்லை, 75 மி.மீ. தண்ணீர் 48 மணி நேரத்தில் எட்டும் ஆழம் கீழ் எல்லை. களி கலந்த செம்மண்ணில் இது ஏறத்தாழ 10 முதல் 30 சென்ரிமீற்றர் வரை. வல்லிபுரம், மணற்காடு பக்கத்து மணலில் 30 முதல் 90 வரை இறங்கிவிடும். ஒரே மழை பெய்தாலும் இரண்டு மண்ணுக்கும் கணக்கு வேறு.

அரிடிக் ஆவதற்கு இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும். அந்தப் பகுதி முழுவதும் ஆண்டின் பாதி நாளுக்கு மேல் காய்ந்திருக்க வேண்டும். அத்தோடு, தொடர்ந்து 90 நாள் அதன் ஏதாவதொரு பாகம் ஈரமாக இருந்திருக்கவும் கூடாது. முதலாவது நிபந்தனைக்கு நாம் கிட்டப் போனாலும் போவோம், இரண்டாவதில் விழுந்துவிடுவோம். ஒக்டோபர் நடுவில் பிடிக்கும் மாரி மழை டிசம்பர் கடைசி வரை நீடிக்கும்; அந்த ஈரம் தை மாதத்துக்குள்ளும் இழுக்கும். அதற்கே 90 நாள் தாண்டிவிடுகிறது. வெப்பநிலையில் குழப்பமில்லை: 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி 22 பாகைக்கு மேல், கோடைக்கும் மாரிக்கும் இடைவெளி 6 பாகைக்குள், ஆகவே ஐசோஹைப்பர்தேர்மிக் (வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூடு).

மாதச் சராசரியை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் பிழைக்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மி.மீ.க்குக் கிட்ட மழை கொட்டியது. ஒரு மீற்றர் ஆழத்துக்கு 120 மி.மீ. தண்ணீர் பிடிக்கும் மண் என்று வைத்தால், மேல் 30 செ.மீ. பிடிப்பது வெறும் 36 மி.மீ. மிச்சம் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் கீழே போகும், அல்லது கடலுக்கு ஓடும். மாதக் கணக்கோ அத்தனையும் மண்ணில் நின்றது போலக் காட்டும். ஆகவே நாள் மழையை எடுத்து, முதல்நாள் மண்ணில் மிஞ்சிய தண்ணீரோடு கூட்டுங்கள். நாளாந்த ஆவியிழப்பைக் கழியுங்கள்; 36க்கு மேல் ஏறினால் வெட்டிவிடுங்கள், பூச்சியத்துக்குக் கீழே இறக்காதீர்கள். குறைந்தது 30 ஆண்டுக்கு இப்படிச் செய்து, ஆண்டு ஆண்டாக ஈர நாட்களை எண்ணுங்கள். 30 ஆண்டையும் முதலில் சராசரியாக்கிவிட்டு எண்ணுவது வழக்கமான பிழை.

இன்னொன்று: கிணற்று நீர்ப்பாசனத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. வெங்காயத்துக்கு இறைக்கும் தோட்டம் வருடம் முழுக்க ஈரமாக இருந்தாலும் அது காலநிலை தந்த ஈரமல்ல.

கேள்வி: செய்மதி உயரத் தரவை இறக்கிச் சரிவு வரைபடம் போட்டேன். தட்டையான எங்கள் வெளியில் 8 வீதச் சரிவு காட்டுகிறது. மென்பொருளில் பிழையா? (வடமராட்சி வாசகர்)

பதில்: மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. நீங்கள் எடுத்தது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்த எஸ்.ஆர்.ரி.எம். தரவாக இருக்கும். அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீற்றர். அந்த ரேடார் வெறும் நிலத்தை மட்டும் பார்ப்பதில்லை. பனங்கூடலின் தலையையும் பாதி பார்க்கிறது. கூடலுக்குள் ஒரு கட்டம், பக்கத்து வெளியில் ஒரு கட்டம், இரண்டுக்கும் 2.4 மீற்றர் வித்தியாசம் என்றால் 30 மீற்றருக்கு 8 வீதம் வந்துவிட்டது. குடாநாட்டின் மிக உயர்ந்த இடமே பத்து மீற்றரைச் சுற்றித்தான். மலைநாட்டில் இந்தப் பிழை கண்ணில் படாது. இங்கே பிழைதான் படமாக நிற்கும்.

சரிவு, வளைவு, நீரோட்டத் திசை என்று அந்தத் தரவிலிருந்து பிழிந்தெடுக்கும் எதையும் இங்கே மண் எல்லை போடப் பாவிக்க வேண்டாம். நமது மண்ணைப் பிரிப்பது சரிவல்ல. கடல்நீரேரியிலிருந்து எவ்வளவு தூரம், நிலத்தடி நீர் எவ்வளவு ஆழம், கீழே கல்லா மணலா என்பவைதான். பங்குனியிலும் ஆவணியிலும் மாரியிலும் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து குறியுங்கள். யூலை, ஓகஸ்ட் மாத லான்ட்சாட் படங்களில் பயிரில்லா நிலம் வெறுமையாகத் தெரியும்: செம்மண் ஒரு நிறம், உவர்த் தரவை பளிச்சென்ற வெள்ளை, ஈரக்களி கருமை. ஆனால் வெண்மணலும் உப்புப் பூத்த தரையும் படத்தில் ஒன்றுபோலவே வெளுத்திருக்கும். அதை நேரில் போய்த்தான் பிரிக்க வேண்டும்.

உயர வித்தியாசம் கட்டாயம் வேண்டுமென்றால் மேசன்மார் பிடிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டம் போதும். நீரேரிக் கரையிலிருந்து மேட்டுப் பக்கம் 20 மீற்றருக்கு ஒருதரம் பிடித்துப் போங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பிழைக்கும். அரை மீற்றர் ஏறுவதற்குள் உவர்த் தரை வயலாகி, வயல் தோட்டமாகிவிடுவதைப் பல இடத்தில் காணலாம்.

கேள்வி: எனது தோட்டத்து மண்ணை முறைப்படி விபரித்து வைக்க விரும்புகிறேன். குழி எப்படி வெட்டுவது, என்ன எழுதுவது? (விவசாயி, உரும்பிராய்)

பதில்: ஒரு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் நீளம், ஆழம் ஒன்றரை மீற்றர் அல்லது கல் தட்டும்வரை. உங்கள் பக்கத்தில் கல்தான் முதலில் தட்டும். வெயில் படும் முகத்தை விபரிப்புக்கு வையுங்கள். அந்த முகத்துக்கு மேலே மிதிக்கவும் கூடாது, மண் கொட்டவும் கூடாது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் வேறு வேறு குவியலாகப் போடுங்கள், மூடும்போது ஒழுங்காகப் போகும். அலவாங்கு பட்ட தழும்பை மேலிருந்து கீழாகக் கத்தியால் செதுக்கித் துப்புரவாக்குங்கள். மாதிரி எடுப்பது மட்டும் கீழிருந்து மேலே. இல்லாவிட்டால் மேல்மண் உதிர்ந்து அடிமண் மாதிரியில் கலந்துவிடும்.

படைகளின் ஆழத்தை ஒரே இடத்தில் அளக்காமல் மூன்று இடத்தில் அளவுங்கள். செம்மண்ணின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து குழியும் மேடுமாக இருக்கும். ஒரே முகத்தில் இடப்பக்கம் 35 செ.மீ.யில் கல், வலப்பக்கம் 80 செ.மீ. வரை மண் என்பது இங்கே புதுமையல்ல. சராசரி போட்டு 57 என்று எழுதினால் அந்தத் தோட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு மண்ணை எழுதியதாகிவிடும். இரண்டையும் எழுதுங்கள். 50 செ.மீ.க்குள் கல் தட்டினால் வகைப்பாட்டில் பெயரே மாறும்.

நிறத்தை மன்செல் அட்டையோடு (மண் நிறங்களுக்குக் குறியீடு கொடுத்த நிற அட்டை), மண்ணை நனைத்து, காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில் பாருங்கள். அந்திவெயிலில் எந்த மண்ணும் செம்மண்தான்.

இழையமைப்பில்தான் நிறையப் பேர் வழுக்குவார்கள். ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.க்குள் முறிந்தால் இருவாட்டி (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்), 5 வரை போனால் களி இருவாட்டி, அதற்கு மேல் களி. ஆனால் நமது செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு களித் துணிக்கைகளைச் சிறு மணிகளாக ஒட்டி வைத்திருக்கிறது. முதல் ஒரு நிமிடம் மணல் போல நெருடும். விடாமல் பிசையப் பிசைய மணிகள் உடைந்து களி வெளிவரும். மூன்று, நான்கு நிமிடம் பிசையாமல் ‘மணல் இருவாட்டி’ என்று எழுதாதீர்கள். ஆய்வுகூடத்திலும் நன்றாகப் பிரியவிடாமல் அளந்தால் களி குறைவாகவே வரும்.

ஒவ்வொரு படையிலும் 10 வீத ஐதரோக்குளோரிக் அமிலம் ஒரு துளி விட்டு, நுரைக்கிறதா என்று எழுதுங்கள். மேல்மண் நுரைத்து நடுமண் நுரைக்காவிட்டால் மயங்க வேண்டாம். சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுநீர் இறைத்து இறைத்துக் காயும்போது சுண்ணாம்பை மேலேயே விட்டுவிடும். பட்டி அடைத்ததும் குழை தாழ்த்ததும் வெளியிலிருந்து மண் கொட்டியதும் மேல் 20, 30 செ.மீ.யை மாற்றியிருக்கும். அதனால் வேலியோரம், கொத்தாத நிலத்தில் இன்னொரு சிறு குழி வெட்டி ஒப்பிடுங்கள்.

கேள்வி: நீரேரியை அண்டிய எங்கள் காணியில் கோடையில் வெள்ளை பூக்கிறது, மாரியில் காணாமல் போகிறது. உப்பா, சுண்ணாம்பா? மாதிரி எப்போது எடுப்பது? (அராலி வாசகி)

பதில்: தண்ணீரில் கரைந்து, அமிலத்துக்கு நுரைக்காவிட்டால் கறியுப்பு போன்ற உப்பு. கரையாமல் நுரைத்தால் சுண்ணாம்பு. கரையவும் செய்து நுரைக்கவும் செய்தால் சோடியம் காபனேற்று. மூன்றிலும் தொல்லை கூடியது அதுதான்.

மாதிரியை இரண்டு தரம் எடுங்கள்: ஓகஸ்ட் கடைசியில் ஒருதரம், மழை ஓய்ந்து பெப்ரவரியில் ஒருதரம். 0–5, 5–20, 20–50 செ.மீ. என்று பிரித்து எடுக்க வேண்டும். பூத்த தோலைச் சுரண்டி எடுத்து ‘மேல்மண்’ என்று கொடுத்தால் பயப்படத்தக்க எண் வரும். நிரம்பற் சாற்றின் (மண்ணைத் தண்ணீரால் நிரப்பிப் பிரித்தெடுத்த நீர்) மின்கடத்துதிறன் மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர்மண். சோடியம் உறிஞ்சல் விகிதம் (கல்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் அளவு) 13 தாண்டினால் சோடிய மண். அறிக்கையில் ‘ஒன்றுக்கு ஐந்து’ கரைசல் (ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர்) என்று இருந்தால் அந்த எண்ணை 4 உடன் ஒப்பிடக்கூடாது. அதைப் பல மடங்கு பெருக்க வேண்டும்: மணலுக்குக் கூட, களிக்குக் குறைய.

வீட்டில் ஒரு சோதனை: காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் மெதுவாக விட்டு, அசைக்காமல் இரண்டு மணி நேரம் வையுங்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் சோடியத்தைச் சந்தேகிக்கலாம். பிடித்து வைத்த மழைநீர்தான் பாவிக்க வேண்டும். கிணற்றுநீரிலுள்ள கல்சியமும் உப்பும் களியைக் கலங்கவிடாது. கெட்ட மண்ணும் நல்ல மண் போலத் தெரியும்.

கேள்வி: ஒரு வரைபடத்தில் எங்கள் மண் ‘செம்மஞ்சள் லற்றோசோல்’, இன்னொன்றில் ‘அல்பிசோல்’. எது சரி? (ஆசிரியர், சுன்னாகம்)

பதில்: இரண்டும் இரண்டு முறை. முதலாவது 1961இல் மூர்மனும் பானபொக்கவும் இலங்கைக்கு வகுத்த பெரு மண் கூட்டப் பெயர். இரண்டாவது அமெரிக்க முறை. லற்றோசோல் என்றால் அமெரிக்க முறையில் இன்னதுதான் என்று அட்டவணை பார்த்து மாற்றிவிட முடியாது. குழியின் எண்கள் வேண்டும்.

மேல்மண்ணில் களி 15 முதல் 40 வீதமென்றால், கீழ்ப்படையில் அதன் 1.2 மடங்காவது இருக்க வேண்டும். களி கீழே இறங்கிப் படிந்த அடையாளமும் வேண்டும். அதோடு மூலச் செறிவு (மண் பிடித்து வைக்கும் நேர் அயன்களில் கல்சியம், மக்னீசியம் போன்றவற்றின் பங்கு) 35 வீதத்துக்குக் குறையாவிட்டால் அல்பிசோல். களி கூடவில்லை என்றால் ஒக்சிசோலா (மிகவும் சிதைந்து பழுத்த மண்) என்று பாருங்கள்: ஒரு கிலோ களிக்குக் கற்றயன் மாற்றீட்டுக் கொள்ளளவு (நேர் அயன்களைப் பிடித்து மாற்றும் திறன்) 16 சென்ரிமோலுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோ மண்ணுக்கு 9 சென்ரிமோல், அதில் களி 45 வீதம் என்றால் 9ஐ 0.45ஆல் வகுக்க 20 வரும், ஒக்சிசோல் ஆகாது. களியைக் குறைத்து அளந்தால் இந்த எண் இன்னும் ஏறும் என்பதால்தான் பிசைவதை அவ்வளவு வற்புறுத்தினோம். இரண்டும் இல்லாத செம்மண் பெரும்பாலும் இன்செப்ரிசோலில் (படைகள் இன்னும் முழுதாக வளராத மண்) போய் நிற்கும்.

கேள்வி: அமிலத்துக்குப் பதிலாக வினாகிரி பாவிக்கலாமா? (மானிப்பாய் மாணவர்)

பதில்: சுண்ணாம்பு நிறைய இருந்தால் நுரை தெரியும், குறைவாக இருந்தால் தெரியாது. ‘நுரைக்கவில்லை’ என்ற முடிவை வினாகிரியை நம்பி எழுத வேண்டாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரிடம் கேட்டு ஐதான அமிலத்தைத் துளிக்குப்பியில் வாங்குங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே பாவியுங்கள்.