சிறுவயதின் கள்ளமற்ற மனதைக் கிறிஸ்துவின் கிருபை திருப்பித் தருமா?

தராது. அப்படிச் சொல்லும் நான் கிருபையை நம்பித்தான் வாழ்கிறேன்.

பிள்ளைகளைப்போல் ஆகாவிட்டால் பரலோகராஜ்யத்தில் பிரவேசிக்க முடியாது என்ற மத்தேயு 18:3 வசனத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வேறொருவர் தீங்கு செய்திருந்தால் இந்தப் பதிலை விட்டுவிடுங்கள்; குற்றவாளியை மன்னித்துவிட்டு வாயை மூடிக்கொள் என்று சொல்பவன் நான் அல்ல.

எனக்கு அப்போது பத்து வயது. தொடக்கூடாது என்று சொல்லியிருந்த அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தொட்டேன். கை தவறி விழுந்தது. கண்ணாடியில் குறுக்காக ஒரு கீறல். நொடிமுள் மட்டும் நகராமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயதுத் தம்பியின் தலையணைக்கு அடியில் அதைச் செருகிவிட்டேன். மாலையில் அப்பா அவனை அடித்தபோது நான் புத்தகத்தை விரித்து வைத்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கெட்டவர்கள் வெளியே எங்கோ இருக்கிறார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்று இரவு ஜெபிக்க வாய் வரவில்லை.

32 வயதில்தான் தம்பியிடம் சொன்னேன். "தெரியும் அண்ணா. நீ வைக்கும்போது நான் தூங்கவில்லை" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்னையும் அடிப்பாரே" என்றான்.

நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறது ரோமர் 5:8. சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்த வசனம். 'பாவிகளாயிருக்கையில்' என்ற சொல் தம்பியின் முன்னால்தான் எனக்கு விளங்கியது. நான் கேட்பதற்கு 22 வருடங்களுக்கு முன்பே மன்னிப்பு எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. ஒரு சிறுவனைச் சிலுவையோடு ஒப்பிடலாமா என்று சண்டைக்கு வர வேண்டாம். எனக்குக் கண் திறந்த இடத்தைச் சொல்கிறேன், அவ்வளவே.

இதைச் சபையில் சாட்சியாக, அதாவது கிருபை என்னைத் தொட்ட கதையாக, சொன்னபோது, "இது ஒரு பாவமா?" என்று ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடி, சூதாட்டம் என்று இருந்தால்தான் சாட்சியாம். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்விக்கு வருகிறேன். மத்தேயு 18-இல் இயேசு அதைச் சொன்னது, பரலோகராஜ்யத்தில் யார் பெரியவன் என்று கேட்டு வந்த சீஷர்களிடம். அடுத்த வசனமே தன்னைத் தாழ்த்துவதைப் பற்றியது. கறைபடாத மனதை அவர் அங்கே கேட்கவில்லை. அந்தச் சீஷர்களில் ஒருவனான பேதுருவைப் பாருங்கள். யோவான் 18-இல் கரிநெருப்பண்டை நின்று, இயேசுவின் சீஷன் அல்ல என்று மறுதலித்தான். 21-இல் இன்னொரு கரிநெருப்பருகே, "என்னை நேசிக்கிறாயா" என்று இயேசுவால் மூன்று முறை கேட்கப்பட்டான். உமக்காக ஜீவனையும் கொடுப்பேன் என்ற பழைய பேச்சு அவனிடம் இல்லை. "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிவீர்" என்கிறான். எனக்குக் கிடைத்த நம்பிக்கையும் அந்த வகைதான்.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. எனக்குத் துணிவு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.